ஜப்பான் நேரமும் என் வீட்டுக்காரர் வேர்வையும்

1

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டளை வந்திருக்கிறது. மலாயாவில் ஜப்பான் நேரம் நடைமுறைக்கு வந்து இரண்டு வருடம் நிறைகிறதாம். அதைக் கொண்டாட வேண்டுமாம். ஒரு பிள்ளை எழுந்து நின்று, டோக்கியோ நேரத்தின் நன்மைகள் என்னென்ன என்று ஜப்பானிய மொழியில் பேச வேண்டுமாம். பேச்சை முதலில் தமிழில் டீச்சர் எழுதித் தர வேண்டுமாம். அந்த டீச்சர் நான்தான்.

நன்மைகளை யோசித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலில் சுருண்டு விழுந்த ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதனால் பேச்சை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நாகப்பட்டினத்துப் பக்கத்து நம் பங்குப் பத்திரிகைக்கு முன்பெல்லாம் மலாய்நாட்டுச் சேதி எழுதி அனுப்புவேன். இப்போது தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. சண்டை முடிந்து கப்பல் ஓடினால் படியுங்கள். ஓடாவிட்டால் ஜொகூர்க் கறையானுக்காவது கொஞ்சம் தமிழ் சேரட்டும்.

ஜப்பான் நேரம் என்பது வேறொன்றுமில்லை. டோக்கியோவில் விடியும்போது இங்கே இன்னும் இருட்டு. அது எங்கள் பக்கத்துக் குற்றம் என்று ஜப்பான்காரன் முடிவு செய்தான். தான் பிடித்த நாடெல்லாம் தன்னோடு எழுந்து, தன்னோடு தின்று, தன்னோடு தூங்க வேண்டும் என்று கடிகார முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். வெள்ளைக்காரனும் யோக்கியனில்லை. ஓடிப்போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவனும் முள்ளைத் தள்ளிப் பார்த்தவன்தான். ஆனால் அவன் திருடியது சில்லறை. இவன் பெட்டியோடு தூக்கிவிட்டான்.

முள்ளைத் தள்ளச் சொல்லிக் கட்டளை வந்த அன்றைக்கே எங்கள் ஆபீஸ் கடிகாரத்தை மாற்றியவர் சவரிமுத்து. அவர் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார். சாமியார் குளுவாங்கிலிருந்து எப்போதாவதுதான் வருவார் என்பதால், மற்ற நாளெல்லாம் எங்கள் ஆத்துமாவும் இவர் பொறுப்பு. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரெசர் சிங்கப்பூருக்கு ஓடிப்போனதும் ஆஸ்பத்திரிச் சாவியும் இவர் இடுப்புக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது துரையைப் பார்த்து எப்படிக் குனிந்தாரோ அதே அளவுதான் இப்போதும் குனிகிறார். ஆள் மாறினாலும் அவர் முதுகுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

முக்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இனிமே இதுதான் நேரம். பழைய நேரத்தைப் பத்தி யாரும் வாயத் தொறக்கப்படாது."

என் மகள் லூர்துக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. பிள்ளைகள் எதற்கும் பழகிவிடும். ஒரு மாதத்தில் ஜப்பானியப் பாட்டுப் பாடினாள். நான் கூப்பிட்டால் "என்னம்மா" போய் ஜப்பானிய "ஹாய்" வந்தது. ஒரு நாள் இருட்டில் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது, "பாவம்டி நீ, விடியறதுக்கு முன்னாடி எழுப்பறாங்க" என்றேன்.

"இல்லம்மா. நேரம் சரியாத்தான் இருக்கு. வெயில்தான் லேட்டா வருது" என்றாள்.

தலையில் குட்டலாம் என்று கை போனது. பசியில் மெலிந்த தலை. கையை இழுத்துக்கொண்டேன்.

2

என் வீட்டுக்காரர் பெயர் சூசை. பெயர் சொல்லக்கூடாது என்பது உங்கள் ஊர்ச் சட்டம். எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

அவர் மரம் வெட்டுகிறவர். உடனே கோடாலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் மரத்துப் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுப்பதை இங்கே மரம் வெட்டுவது என்போம். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. விடியும்போது வெட்டு. வெயில் ஏற ஏறப் பால் எடுப்பு. சூரியன் உச்சிக்கு வரும்போது கோயில் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் திரிகால ஜெப மணி அடிக்கும். கிறிஸ்தவன் சிலுவை போடுவான். இந்து தலைத்துண்டை அவிழ்ப்பான். எல்லோரும் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார்கள். வெயில் சாயும்வரை எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் நாய்கூடக் குரைக்காது. கல்யாணமான நாள் முதல் அவர் உடம்பை இந்தக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் பால் எடுக்கும் வேளை வந்ததும் பாயில் படுத்திருப்பவருக்கு முதுகெல்லாம் வேர்க்கும். உச்சி மணி கேட்டதும் வேர்வை அடங்கிக் கண் சொருகும்.

சண்டைக்கு முன்னால் என் தம்பி ஊரிலிருந்து எழுதியிருந்தான்: "அங்கே வருஷம் பூராவும் வெயில்தானே அக்கா. உங்களுக்கெல்லாம் பழகிப்போயிருக்கும்." பெரிய கண்டுபிடிப்பு. தாலுகா ஆபீசில் மத்தியானம் மேசைமேல் கவிழ்ந்து தூங்கியே ரிட்டயராகப் போகிறவன் அவன். அவனுக்குச் சொல்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் யாருக்கும் மொத்தமாகப் பழகாது. உடம்புக்குப் பழகுவது வேளைதான். எந்த வேளையில் வேர்க்க வேண்டும், எந்த வேளையில் அடங்க வேண்டும் என்று அது ஒரு பெரட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் வெயில் வந்தால் சமாளிக்கும். தூங்குகிற வேளையில் கொண்டுபோய் நிறுத்தினால், கதவு திறக்க ஆளில்லாத வீடுதான்.

ஊரில் உச்சிப்பொழுதில் வெளியே போகாதே, பேய் அடிக்கும் என்பார்கள். டிரெயினிங் படித்த திமிரில் நான் அதைக் கேட்டுச் சிரித்தவள். இப்போது சிரிக்கவில்லை. பேய் உண்டு. அது இங்கே கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தது.

காஹாங் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி விமானத் திடல் இருக்கிறது. ரப்பர் வாங்க ஆளில்லை என்றாகிவிட்டதால், மரம் வெட்டியவர்களைத் திடலில் கல் உடைக்கவும் மண் கொட்டவும் அனுப்பினார்கள். அங்கே ஒரு ஜப்பானிய மேற்பார்வைக்காரன். கையைத் திருப்பித் திருப்பி மணி பார்த்துக்கொண்டே இருப்பதால் ஆட்கள் அவனுக்கு மணித்துரை என்று பெயர் வைத்தார்கள். அவன் கணக்கில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடும் ஓய்வும். ஒரு மணிக்குத் திரும்ப வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுடைய பன்னிரண்டு எங்கள் பத்தரை. வெயில் இன்னும் தலைக்கு வராத, யாருக்கும் தூக்கமும் வராத, வேர்வை நன்றாக ஓடுகிற வேளை. அந்த வேளையில் எல்லோரையும் நிழலில் உட்காரவைத்தான். உடம்பு அடங்குகிற வேளையில், நிஜமான உச்சியில், ஒரு மரம்கூட இல்லாத திடலில் கூடையைக் கொடுத்து நிறுத்தினான்.

'பானாஸ் தாக் அப்பா' என்பானாம். மலாய் மொழியில் சூடு பரவாயில்லை என்று அர்த்தம். அவன் தகரக் கொட்டகைக்குள் இருந்தான். அவனுக்குப் பரவாயில்லைதான்.

3

முதலில் போனவர் மேட்டு லயத்துச் சின்னப்பன். கல் குவியல்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயசான ஆள், சாப்பாடும் கிடையாது, அதனால் போய்விட்டார் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நானும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அந்த வயசில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அடுத்த வாரமே அந்த நிம்மதி போனது. பக்கத்து வீட்டு முனியம்மா, திடலில் கூடை சுமக்கிறவள், வேலை நேரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், சூசை அண்ணன் விழுந்துட்டாரு! பக்கத்துல நின்னு கல்லு அள்ளிக்கிட்டுதான் இருந்தாரு. எங்களுக்கெல்லாம் வேர்த்து ஊத்துது. அவருக்கு மட்டும் ஒடம்பு காஞ்ச சட்டி மாதிரி இருக்கு. தொட்டா கை சுடுது. என்னைப் பாத்து, பால் வாளி எங்கன்னு கேக்குறாரு."

போய்ப் பார்த்தேன். திடல் ஓரத்துக் கால்வாயில் போட்டு நாலு பேர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் சிவந்து உப்பியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஓடிப்போன டிரெசர் அடிக்கடி சொல்வார், காய்ச்சலில் வேர்த்தால் பயமில்லை, வெயிலில் வேர்வை நின்றால் ஆள் இல்லை என்று. அந்த நெற்றியில் கை வைத்துக்கொண்டு எனக்கு ஜெபம்கூட வரவில்லை. வேர்த்துத் தொலையேன் என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது கண் திறந்தார். "ஒண்ணுமில்ல. சும்மா தல சுத்துச்சு" என்றார். பதினைந்து வருடக் குடித்தனத்தில் இந்த மனிதன் தனக்கு ஏதாவது ஒன்று என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

பிழைத்தார். ஆனால் உடம்புக்குள் ஏதோ ஒன்று முறிந்துவிட்டது. காலையில் கொஞ்சம் வேர்க்கும். உச்சி வேளையில் நெற்றி காய்ந்தே கிடக்கும், சும்மா நிழலில் உட்கார்ந்திருந்தாலும். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மறுநாளும் திடலுக்குப் போகச் சொன்னார்கள்.

4

போகாமலிருக்க ஒரு வழி இருந்தது. உடம்பு சரியில்லாதவனுக்கு லீவு உண்டு என்று மணித்துரை சட்டம் போட்டிருந்தான். உடம்பு சரியில்லை என்பதை யார் முடிவு செய்வது? வாயில் வைக்கிற தெர்மாமீட்டர். அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பாதரசம் கோட்டைத் தாண்டினால் லீவு. தாண்டாவிட்டால் கூடையைத் தூக்கு. தெர்மாமீட்டர் சவரிமுத்துவின் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. பார்க்கிற வேளைதான் அற்புதம். ஜப்பான் நேர ஆறு மணிப் பெரட்டில், கோழிகூட எழாத இருட்டில் பார்ப்பார். மனிதன் உடம்பு ஒரு நாளில் மிகவும் குளிர்ந்து கிடப்பது விடிவதற்கு முன்னால்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சாயங்காலம்தான் உச்சத்துக்கு வரும். நோயில்லாதவனுக்கே அப்படி. சுகாதாரப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. டிரெசர் இருந்த காலத்தில் சாயங்காலமும் ஒரு முறை பார்க்காமல் யாரையும் வேலைக்கு அனுப்ப மாட்டார். இவரோ உடம்பு அடங்கிக் கிடக்கும் வேளையாகப் பார்த்துக் கண்ணாடிக்குழாயை வாயில் சொருகினார். முதல் நாள் வெயிலில் செத்துப் பிழைத்தவனும் அந்த வேளையில் சுகமாகத்தான் இருப்பான். இந்தச் சட்டம் வந்த நாள் முதல் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் நோயே இல்லை.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்து, "கோட்டுக்குக் கீழ. போலாம்" என்றார் சவரிமுத்து.

"கிராணி, இதே ஆளுக்கு மத்தியானம் வச்சுப் பாருங்க. அப்ப தெரியும்" என்றேன்.

"டீச்சரம்மா, நோயாளின்னா காலையிலயே நோயாளியா வரணும். மத்தியானம் வர்ற நோய்க்கு ஆபீஸ்ல எடம் இல்ல."

இவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்.

5

அன்று நடந்து வரும்போதுதான் கோயில் வாசல் தண்டவாளத் துண்டு கண்ணில் பட்டது. திரிகால மணியையும் சவரிமுத்து ஜப்பான் நேரத்துக்கு மாற்றியிருந்தார். நிஜமான காலை நடுவில், வெயில் இளசாக இருக்கும்போது, உச்சி ஜெபத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார். அந்த மணியைப் பழைய வேளைக்குத் திருப்பினால் திடலில் ஆட்கள் உச்சியில் ஜெபத்துக்கென்று வேலையை நிறுத்தலாமே என்று தோன்றியது. கொஞ்ச நேரமாவது நிழல் கிடைக்கும்.

அவரிடமே போய்க் கேட்டேன்.

"நேரம் ஒண்ணுதான் டீச்சரம்மா. ஒரு நாட்டுக்கு ரெண்டு ராசா இருக்க முடியுமா?"

"ராசா எத்தன பேர் வேணா இருக்கட்டும். சூரியன் ஒண்ணுதான கிராணி?"

"சூரியன் ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போடறதில்ல" என்றார்.

முனியம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "நான் மாரியாத்தாளுக்குத் தீ மிதிச்சவ. அப்பக்கூட எனக்குக் கால் சுடல டீச்சர். இங்க தல சுடுது. நீங்க மணி அடிங்க, நான் மண்டி போடறேன். எந்த சாமின்னு அப்புறமா பாத்துக்கலாம்லா."

கிராணி மறுத்ததை மணித்துரையிடம்தான் கேட்க வேண்டும். அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டுக் கேட்க வருவான். பிள்ளைகள் பாடும்போது மட்டும் அவன் முகம் மனித முகமாக இருக்கும். லூர்து பாடி முடித்ததும், எனக்காகப் பேசும்படி அவளை முன்னால் தள்ளினேன். வானதூதரான சம்மனசு மாதாவுக்கு மங்களம் சொன்னதைத்தான் திரிகால ஜெபத்தில் நினைக்கிறோம் என்பதை எல்லாம் இவனிடம் விளக்க முடியாது. விடிந்ததும் சூரியனை நோக்கிக் குனிகிறவன், கொடியில் சூரியனை வைத்திருக்கிறவன். அதனால் இப்படிச் சொல்லச் சொன்னேன்: சூரியன் தலைக்கு நேரே வரும்போது எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தி வணங்குவார்கள், அது எங்கள் முன்னோர் வழக்கம்.

லூர்து இடுப்பை மடித்துக் குனிந்து, மணிமணியாகச் சொன்னாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அவனும் ஒருமுறை குனிந்தான். அனுமதி கிடைத்தது. கோயிலில் மணியடிக்கும் வேலை எனக்கு, திடலில் ஜெபம் சொல்லும் வேலை கிராணிக்கு என்று அவனே பிரித்தும் கொடுத்தான்.

"திரிகால ஜெபத்தைச் சூரிய நமஸ்காரம்னு சொல்லி இருக்கீங்க. இது பாவம்" என்று சவரிமுத்து பதறினார். சாமியார் வரும்போது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஒன்றரை வருடமாகக் கடவுளை டோக்கியோ முள்ளில் கட்டி இழுத்தவர் எனக்குப் பாவம் புண்ணியம் சொல்கிறார்.

6

பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியில் ஒடுங்கும்போது மணி அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஜப்பான் கொடியே எனக்குப் பழைய நேரம் காட்டியது. முதல் நாள் அடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன். எல்லோரும் கால்வாய் ஓரத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

திடலின் நட்டநடுவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தொப்பி இல்லை, தலைத்துண்டு இல்லை. சூரியனை வணங்குகிறவன் தலையை மூடலாமா, நிழலில் ஒளியலாமா என்று மணித்துரை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருந்தான். கையிலிருந்த கூடைகூட இல்லை, தலைக்குப் பிடிக்க. வேலை செய்தபோதாவது குனிந்திருந்தார்கள். இப்போது என் புண்ணியத்தில் நெட்டுக்குத்தாக நின்றார்கள். இரண்டாவது வரிசையில் என் வீட்டுக்காரர். காய்ந்த நெற்றி பளபளத்தது.

சவரிமுத்து முன்னால் நின்று ஜெபத்தை நீட்டிக்கொண்டிருந்தார். துரை பார்க்கிறான் என்றதும் அவருக்குப் பக்தி பொங்கிவிட்டது. திரிகால ஜெபம் முடிந்து, பிரார்த்தனை முடிந்து, ஜப்பான் ராஜாவுக்காகவும் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

கலைந்த பிறகு கஞ்சியைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "உன் உபதேசியார்கிட்ட சொல்லு, சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும்னு" என்றார். அவர் உதடு வெடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்குமேல் ஆத்திரம் வந்தது, என் புத்திசாலித்தனத்தின் மேலும்.

மணி அடிப்பதை நிறுத்தலாமா? நிறுத்தினால் வழக்கம் என்று சொன்னது பொய்யாகிவிடும். பொய்க்கு அங்கே என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அடித்தேன். அந்த வாரம் முழுக்க என் கையாலேயே அடித்து, என் வீட்டுக்காரரை வெயிலில் நிறுத்தினேன்.

வாரக் கடைசியில் விழுந்தது சவரிமுத்து. அவர் உடம்பு எந்த வேளையிலும் வெயிலுக்குப் பழகியதில்லை. வருடக்கணக்காக உச்சிப் பொழுதைப் பங்கா அடியில் கழித்த உடம்பு. ராஜாவுக்கான ஜெபத்தின் நடுவில் நாக்குக் குழறியது. அப்புறம் முகம் மண்ணில் பட விழுந்தார். மணித்துரை கத்தினான். யாரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வரிசையை விட்டு வந்து, அவரைத் தோளில் தூக்கி, துரையின் தகரக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். நேற்றுவரை தன்னைக் கூடை தூக்க அனுப்பிய ஆளை.

நானும் உள்ளே போனேன். கிராணியின் நெற்றி சுட்டது, வேர்வை இல்லை. சட்டைப் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. உதறி, அவர் கக்கத்தில் வைத்தேன். பாதரசம் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்ணெல்லாம் முடிகிற இடத்துக்குப் போனது. மணித்துரை முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் போட்ட கோடு. அவன் போட்ட சட்டம். வாங்கிப் பார்த்தான். அப்புறம் என் வீட்டுக்காரரைக் காட்டி, வைக்கச் சொன்னான். கோட்டுக்கு மேலே. முனியம்மா. கோட்டுக்கு மேலே. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் வாயிலும் அவனே வைத்துப் பார்த்தான். அந்தக் குழாய் கிராணியின் பைக்கு வந்த நாள் முதல் அன்றைக்குத்தான் முதல்முறையாக மத்தியானத்தைப் பார்த்தது.

"அலமாக், நம்ம எல்லாருக்குமே லீவா டீச்சர்?" என்றாள் முனியம்மா.

சட்டப்படி அப்படித்தான். ஆனால் மணித்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், வெளியே வெயிலைப் பார்த்தான். டோக்கியோ நேரம் தப்பு என்று எழுதினால் அவன் தலை போகும். எல்லோரும் நோயாளி என்று எழுதினாலும் போகும். ஜெபம் நீளம் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் போகாது. மறுநாள் முதல் உச்சி மணி கேட்டதும் ஆட்கள் கால்வாய் ஓரத்து நிழலில் உட்கார்ந்து வணங்க வேண்டும், வெயில் சாய்ந்து அவன் விசில் ஊதும்வரை வணங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். திருடின அளவுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறான், ஜெபம் என்ற பெயரில். முனியம்மா அந்த நேரத்தில் நன்றாகக் குறட்டை விட்டு வணங்குகிறாள்.

7

சவரிமுத்து பிழைத்துக்கொண்டார். வெயில் பட்டாலே நடுங்குகிறார். ஆனாலும் ஆபீஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறப்பதில்லை. என் வீட்டுக்காரர் தூக்கி வந்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிழலில் நீண்ட ஜெபம் தன் ஏற்பாடு என்று பத்து பாகாட் ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரிடம் பெருமை பேசியதாகக் கேள்வி. பேசட்டும். அவருக்கும் வேறு என்ன இருக்கிறது.

நான் இன்னும் மணி அடிக்கிறேன். தினமும் அந்த வேளையில் என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வேலை நாளில் திடல் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில். மாதக்கணக்காகக் காய்ந்தே கிடந்தது. கஞ்சி சுடச்சுடக் குடித்தாலும் ஈரம் வராது. நான் கை வைக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பயந்திருந்தார். சொல்லவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேசப்போகிற பிள்ளை லூர்துதான். வாசலில் உட்கார்ந்து பேச்சு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நன்மை ஏதாச்சும் சொல்லுங்கம்மா. ஒண்ணாவது."

"யோசிக்கிறேன்டி" என்று சொல்லிவிட்டு, கொடிக்கம்பத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்து, அது ஒடுங்கியதும் போய் மணி அடித்துவிட்டு வந்தேன். அவர் மரவள்ளிக் கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தார். வழக்கம்போல நெற்றியில் கை வைத்தேன்.

நனைந்திருந்தது. முடி ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி என் மணிக்கட்டுக்கு வந்தது.

"என்னடி, கைய எடுக்க மாட்டேங்குற?" என்றார்.

எடுக்கவில்லை. லூர்து எட்டிப் பார்த்தாள். "அப்பாவுக்கு வேர்க்குதும்மா. விசிறட்டுமா?"

"வேணாம். வேர்க்கட்டும்" என்றேன்.

பேச்சை இன்னும் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும். டோக்கியோ நேரம் எங்களைச் சீக்கிரம் எழுப்பி, எங்களை நல்லவர்களாக்கியது என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன், லூர்து குனிந்து சொல்வாள், கை தட்டுவார்கள். அந்தப் பேச்சைவிட முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கையைத் துடைக்காமல் எழுத ஆரம்பித்ததால் முதல் பக்கத்தில் மை கொஞ்சம் கலைந்திருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.